அதிபரின் வசவும் முதல்வரின் விளம்பரமும்

டொனால்டு டிரம்ப் 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய செய்தி நிறுவனங்களை மக்களின் எதிரி என்று எழுதினார். அன்று தொடங்கி ஒரு கருத்து மறுப்பார் இல்லாமல் உலவி வருகிறது. ஆட்சியில் இருப்பவர் காட்டும் கோபம்தான் பத்திரிகைக்கு எமன். அதிலும் ஊர்ப் பத்திரிகையும் வட்டார மொழிப் பத்திரிகையும் அந்தக் கோபத்தில் பொசுங்கிவிடும் என்பது அந்தக் கருத்து. சென்னைக் கருத்தரங்குகளில் இதைக் கேட்கலாம். கொல்கத்தாவின் தெற்கே பெஹாலா சௌரஸ்தாவில், டயமண்ட் ஹார்பர் சாலையோர டீக்கடைகளிலும் இதையே கேட்கலாம். டிரம்ப்பில் ஆரம்பிப்பார்கள், மாநில அரசியலில் இறங்குவார்கள், டீ ஆறுவதற்குள் எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வட்டாரப் பத்திரிகையை ஆட்சியாளரின் கோபம் கொன்றதைவிட அவருடைய பிரியம் கொன்றது அதிகம். திட்டு வாங்கிய பத்திரிகைகள் பெரும்பாலும் இன்றும் கடையில் தொங்குகின்றன. செல்லம் கொடுக்கப்பட்டவற்றைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதற்குச் சாட்சி தேடி வாஷிங்டன் வரை போக வேண்டாம். பெஹாலாவில் இருந்தே தொடங்கலாம்.

2011 மே மாதம் மம்தா பானர்ஜி 34 ஆண்டு இடதுசாரி ஆட்சியை வீழ்த்தி முதல்வரானார். அடுத்த மார்ச்சில் நூலகத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசு நூலகங்களும் அரசு உதவி பெறும் நூலகங்களும் அரசுப் பணத்தில் இனி எட்டு நாளிதழ்களை மட்டுமே வாங்கலாம். வங்காளத்தில் சங்பாத் பிரதிதின், சகால்பேலா, கபர் 365 தின், ஏக்தின், தைனிக் ஸ்டேட்ஸ்மேன், இந்தியில் சன்மார்க், உருதுவில் அக்பார்-ஏ-மஷ்ரிக், ஆசாத் ஹிந்த். வங்காளத்திலேயே அதிகம் விற்ற ஆனந்தபஜார் பத்திரிகா அதில் இல்லை. அதற்கு அடுத்து விற்ற பர்த்தமான் இல்லை. ஆங்கில நாளிதழ் ஒன்றுகூட இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் கணசக்தி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வாசகர்களிடம் சுதந்திரச் சிந்தனையை வளர்ப்பதே நோக்கம் என்று காரணம் சொன்னார்கள். அந்த வரியை வரைவு செய்த அதிகாரி சிரிக்காமல் எழுதியிருந்தால் அவருக்கு ஒரு பதக்கம் தரலாம். எதிர்ப்பு கிளம்பியதும் பட்டியல் பதின்மூன்றாக நீண்டது. ஆனந்தபஜாருக்கும் பர்த்தமானுக்கும் அப்போதும் இடம் கிடைக்கவில்லை.

அன்று நாடு முழுவதும் இதை விலக்கப்பட்ட பத்திரிகைகளின் மீதான தாக்குதல் என்றே படித்தார்கள். தலையங்கங்கள் அப்படித்தான் வந்தன. சேர்க்கப்பட்ட எட்டுப் பத்திரிகைகளின் கதி என்னவாகும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனந்தபஜார் 1922-இல் பிறந்தது. வெள்ளைக்கார ஆட்சியையே பார்த்துவிட்டது. நூலகப் பிரதிகள் போனதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பர்த்தமானும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அரசே கைகாட்டிய எட்டில் இருந்த சகால்பேலாவும் ஆசாத் ஹிந்தும்தான் பதின்மூன்று மாதங்களில் கவிழ்ந்தன.

அந்த இரண்டும் சாரதா என்ற சிட்பண்டு குழுமத்தின் கையில் இருந்தவை. பெஹாலாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால் டாக்கூர்புக்கூர், ஜோகா தாண்டி பிஷ்ணுபூர் வரும். அங்கேதான் குழும முதலாளி சுதீப்த சென்னின் சாரதா கார்டன்ஸ். இந்தச் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில், தெற்கு 24 பர்கனா முழுக்க, ஏஜெண்டுகள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள், காய்கறி விற்பவர்கள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் எல்லாம் கட்டினார்கள். கிட்டத்தட்ட 17 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் சானல் 10, தாரா நியூஸ், தாரா மியூசிக் போன்ற தொலைக்காட்சிகளும், வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் உருதுவிலும் நாளிதழ்களும் வாங்கப்பட்டன, தொடங்கப்பட்டன. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2010 வாக்கிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தது. கட்டுபவருக்கு செபி தெரியாது. கம்பெனிக்குச் சொந்தமாகப் பத்திரிகை இருக்கிறது, அந்தப் பத்திரிகையை அரசே நூலகத்தில் வாங்கி வைக்கிறது என்பது தெரியும்.

2013 ஏப்ரலில் சீட்டுக்கட்டு சரிந்தது. சுதீப்த சென் காஷ்மீரின் சோன்மார்க்கில் பிடிபட்டார். பத்திரிகைகள் மூடின. நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்கள் சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். இத்தனைக்கும் எந்த ஆட்சியாளரும் அவர்களைத் திட்டவில்லை.

மோசடியால் செத்ததை அரசின் பிரியத்தால் செத்ததாகச் சொல்கிறாயே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். சிட்பண்டு நடத்தியவருக்குப் பத்திரிகை எதற்கு? பத்திரிகையில் லாபம் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? வாசகன் கொடுக்கும் காசு அவருக்குப் பொருட்டே அல்ல. ஆட்சியின் நிழலில் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த இடத்தைப் பத்திரிகை கொடுத்தது. பட்டியலில் இருந்த வேறு சில பத்திரிகைகளின் முதலாளிகளும் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர்களும் 2011, 2012-இல் ஆளுங்கட்சி சார்பில் மாநிலங்களவைக்கே போனார்கள். அப்படிப்பட்ட செய்தி அறையில் ஒரு நிருபர் பிஷ்ணுபூருக்குப் போய், இந்தப் பணம் எங்கே போகிறது என்று விசாரித்து எழுதியிருக்க முடியுமா? எழுதினால் யார் அச்சிட்டிருப்பார்கள்? 17 லட்சம் பேருக்கு எச்சரிக்கை தேவைப்பட்ட நேரத்தில் அவர்களுக்கு மிக அருகில் இருந்த பத்திரிகைகள் வாயடைத்துக் கிடந்தன. பத்திரிகையின் சாவு கடை மூடும் நாளில் நிகழ்வதில்லை. இங்கே அது அதற்கு வெகு முன்பே நிகழ்ந்துவிட்டது.

சாரதா போயிற்று, பாடம் படித்திருப்பார்கள் என்று நினைக்கலாம். 2021 இறுதியில் ஹவுராவில் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் மாவட்டச் சிறு பத்திரிகைகளுக்கு முதல்வரே வழி சொன்னார்: அரசின் நல்ல காரியங்களை எழுதுங்கள், பிரதியை மாவட்ட அதிகாரிகளுக்கு அனுப்புங்கள், விளம்பரம் கிடைக்கும். உரத்த குரல் இல்லை, மிரட்டல் இல்லை. கேட்டவர்களில் பலருக்கு அது உதவியாகவே பட்டிருக்கும். டிரம்ப்பின் ஒரு வசவுக்கு எழுதப்பட்ட தலையங்கங்களில் நூறில் ஒரு பங்கு இதற்கு எழுதப்பட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

வங்காளத்துக்கு இது பழைய பாடம். 1870-களில் வங்காளத்தின் துணை ஆளுநராக இருந்த ஆஷ்லி ஈடன், அம்ரித பஜார் பத்திரிகாவின் சிசிர் குமார் கோஷை அழைத்துக் கூட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்று நயமாகக் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். நயம் பலிக்காத இடத்தில்தான் 1878-இல் லிட்டன் பிரபுவின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் வந்தது. அது வட்டார மொழிகளுக்கு மட்டும். ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடாது. அம்ரித பஜார் அதுவரை இரண்டு மொழியில் வந்தது. வங்காளத்தை விட்டுவிட்டு முழு ஆங்கிலமாக மாறித் தப்பித்தது. அன்று பெஹாலாவும் அடங்கியிருந்த 24 பர்கனா மாவட்டத்தில், சாங்ரிபோத்தாவிலிருந்து துவாரகாநாத் வித்யாபூஷண் நடத்திய சோம்பிரகாஷ், பிணைப்பத்திரம் எழுதித் தருவதைவிட மூடுவதே மேல் என்று மூடியது. பிறகு மறுபடி வந்தது. சட்டம் நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை, ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். அடி விழுந்த இரண்டின் பெயரும் இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அரசுக்கு இணங்கி நடந்த பத்திரிகைகள் எவையென்று ஆய்வாளர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நெருக்கடி நிலையிலும் இதே கதைதான். வங்காளப் பத்திரிகையாளர்கள் கௌர்கிஷோர் கோஷும் பருண் சென்குப்தாவும் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்த கோஷ் 1981-இல் தொடங்கிய ஆஜ்கால் நாளிதழின் முதல் ஆசிரியரானார். சென்குப்தா 1984-இல் பர்த்தமானைத் தொடங்கினார். நூலகப் பட்டியலில் இடம் கிடைக்காத அதே பர்த்தமான்தான்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அதிபர்களுக்கும் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் உள்ள உறவு டிரம்ப்பில் தொடங்கியதைப் போலப் பேசுகிறார்கள். ஜான் கென்னடி மாநிலம் மாநிலமாகப் பத்திரிகை முதலாளிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து மதிய விருந்து கொடுத்தவர். 1961 அக்டோபரில் டெக்சஸ்காரர்களின் முறை. டல்லஸ் மார்னிங் நியூஸின் டெட் டீலி எழுந்து, நாட்டுக்குக் குதிரைமேல் வரும் தலைவன் தேவை, நீங்களோ உங்கள் மகளின் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே வாசித்தார். டீலி வலதுசாரி, அவர் கருத்து எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அந்த மேஜையில் விருந்துக்கு மயங்காதவர் அவர்தான். மற்ற டெக்சஸ்காரர்கள் நெளிந்தார்கள், அவர் எங்களுக்காகப் பேசவில்லை என்று அதிபருக்குத் தெரியப்படுத்தினார்கள். அதே கென்னடி 1962-இல் கோபம் வந்து வெள்ளை மாளிகைக்கு வந்துகொண்டிருந்த நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூனின் 22 பிரதிகளையும் நிறுத்தினார். ஊரே சிரித்தது. கோபம் அவரைத்தான் சிறுமைப்படுத்தியது. விருந்துகளைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

நிக்சன் இன்னும் தெளிவான சாட்சி. அவருடைய எதிரிகள் பட்டியலை உலகம் அறியும். வாஷிங்டன் போஸ்ட்டை அவர் வெறுத்ததும், அந்தக் குழுமத்தின் புளோரிடா தொலைக்காட்சி உரிமங்களுக்கு அவருடைய ஆட்கள் குடைச்சல் கொடுத்ததும் அறிந்ததே. போஸ்ட் அதிலிருந்து உலகப் புகழோடு வெளியே வந்தது. குறைவாகப் பேசப்படுவது 1970 ஜூலையில் அவர் கையெழுத்திட்ட நாளிதழ் பாதுகாப்புச் சட்டம். ஒரே ஊரில் போட்டியிடும் இரண்டு நாளிதழ்கள் அச்சையும் விளம்பரத்தையும் விநியோகத்தையும் ஒன்றாக்கி, விலையைச் சேர்ந்தே முடிவு செய்ய அது வழிவிட்டது. மற்ற தொழில்களுக்கு அது குற்றம். நிக்சனின் நீதித் துறை முதலில் இதை எதிர்த்தது. ஹெர்ஸ்ட் குழுமத்தின் ரிச்சர்டு பெர்லின் அதிபருக்குக் கடிதம் எழுதினார். நிலைப்பாடு மாறியது. 1972 தேர்தலில் ஆதரவு அறிவித்த நாளிதழ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிக்சன் பக்கம். வாட்டர்கேட் உடைப்பு அந்த ஜூன் மாதமே நடந்துவிட்டது. நவம்பர்வரை போஸ்ட்டையும் வேறு சிலவற்றையும் விட்டால் நாட்டின் பத்திரிகைகள் அதைத் துரத்தவில்லை. ஊடக விமர்சகர் பென் பக்டிக்கியன் அந்தச் சட்டத்தையும் இந்தத் தேர்தல் ஆதரவையும் இணைத்து விரிவாக எழுதினார். அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகளில் பெரும்பாலோர் முன்பிருந்தே குடியரசுக் கட்சிப் பக்கம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் அந்தச் சலுகை வாங்கித் தந்த மௌனத்தை நிக்சனின் எந்த மிரட்டலும் வாங்கித் தரவில்லை.

டிரம்ப்பின் முதல் நான்கு ஆண்டுகளில் நியூயார்க் டைம்ஸின் டிஜிட்டல் சந்தா மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2018 ஆகஸ்டில் பாஸ்டன் குளோப் அழைப்பு விடுத்து, 300-க்கும் அதிகமான நாளிதழ்கள் ஒரே நாளில் அவருக்கு மறுப்பாகத் தலையங்கம் எழுதின. அவற்றில் பல சிற்றூர்ப் பத்திரிகைகள். 2024 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். அயோவா மாநிலத்தின் டெமாயின் ரெஜிஸ்டர், தேர்தலுக்கு முன் கமலா ஹாரிஸ் மூன்று புள்ளி முன்னிலை என்று ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. டிரம்ப் அங்கே 13 புள்ளியில் ஜெயித்தார். கணிப்பு படுதோல்விதான். அதற்காக அவர் பத்திரிகைமீதும் கணிப்பாளர்மீதும் வழக்குப் போட்டார். ரெஜிஸ்டர் பணம் கட்டி ஒதுங்காமல் நீதிமன்றத்தில் நின்றது. அதே டிசம்பரில் ஏபிசி தொலைக்காட்சி 1.5 கோடி டாலர் தந்து தன்மீது டிரம்ப் போட்ட வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த ஜூலையில் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1.6 கோடி டாலர். பாரமவுண்டின் கம்பெனி இணைப்புக்கு அப்போது அரசின் அனுமதி தேவைப்பட்டது. பணம் கட்ட ஒப்புக்கொண்ட அதே மாதம் அனுமதி கிடைத்தது. அரசிடம் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தவர் பணிந்தார். எதற்கும் காத்திருக்காத ஊர்ப் பத்திரிகை நிமிர்ந்து நின்றது.

அமெரிக்காவில் 2005-இலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாளிதழ்களும் வார இதழ்களும் மூடிவிட்டன. புஷ் காலத்தில் மூடின, ஒபாமா காலத்தில் மூடின, டிரம்ப் காலத்திலும் பைடன் காலத்திலும் மூடின. வரி விளம்பரம் இணையத்துக்குப் போனது, மற்ற விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது, மிஞ்சியதை ஆல்டன் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி ஆட்களைக் கழித்தன. எந்த அதிபரின் வாயும் இதைச் செய்யவில்லை. வருமானம் வற்றிய அந்த இடைவெளியில்தான் புரவலர் நுழைகிறார். அங்கே கோடீஸ்வரர், இங்கே அரசு விளம்பரத் துறை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் இரண்டு விஷயங்களை ஒளிக்க விரும்பவில்லை. ஒன்று, ஹூக்ளி மாவட்டத்து ஆராம்பாக் டிவி. ஊரடங்கு நேரத்தில் மன்றங்களுக்கு அரசு காசோலை வழங்கியதைப் பற்றிச் செய்தி போட்ட அந்தச் சிறு யூடியூப் சானலின் ஆசிரியரை 2020 ஜூனில் போலீஸ் கைது செய்தது. ஆனந்தபஜாருக்கு வக்கீல்கள் உண்டு, அவருக்கு யார்? கோபம் சிறியவனைத்தான் முதலில் சுடும் என்பது இங்கே உண்மை. இரண்டு, 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. டிரம்ப் கேட்டுச் செய்தது. கிராமப்புற வானொலிகளுக்கு அது மரண அடி.

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராம வானொலியை வீழ்த்தியது எது? கொடுத்த கை எடுத்துக்கொண்டது. எடுக்க முடிந்ததற்குக் காரணம் கொடுத்ததுதான். ஆராம்பாக் ஆசிரியரைப் பிடித்தபோது சுற்றியிருந்த மாவட்டப் பத்திரிகைகள் ஒன்றாகக் குரல் கொடுத்திருந்தால் கதை வேறு. விளம்பர பில் பாக்கி இருக்கும் பத்திரிகை குரல் கொடுக்குமா? ஒருவர்மேல் விழும் கோபம் வேலை செய்வதற்கே மற்றவர்கள்மேல் பொழியும் பிரியம் முன்கூட்டி நிலத்தைப் பண்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் அயலூர்ச் சங்கதி அல்ல. 1987-இல் ஆனந்த விகடன் அட்டை நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. சில நாளில் வெளியே வந்தார். 1994-இல் உயர்நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 1,000 ரூபாய் இழப்பீட்டை அவர் பிரேம் போட்டு மாட்டிவைத்தார். 2003-இல் இந்து நாளிதழ் ஆசிரியர்களுக்குச் சட்டமன்றம் விதித்த 15 நாள் சிறையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2018-இல் கைதான நக்கீரன் கோபாலைச் சிறைக்கு அனுப்ப நீதித்துறை நடுவர் மறுத்தார். இந்த மூன்றிலும் அசிங்கப்பட்டது அரசுதான். மறுபக்கம், கட்சிக்கொரு தொலைக்காட்சி வைத்திருக்கும் மாநிலம் இது. எந்தச் சானல் எந்த ஆட்சியில் அரசு கேபிளில் எத்தனையாவது எண்ணில் வரும் என்பது வீட்டில் இருக்கும் பாட்டிக்குக்கூடத் தெரியும். அதைப் பத்திரிகைச் சுதந்திரப் பிரச்சினை என்று நாம் பேசுவதில்லை, வியாபாரம் என்று விட்டுவிடுகிறோம்.

2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. பெஹாலாவை நகரத்தோடு இணைக்கும் முக்கிய வழி அது. மூன்று பேர் இறந்தார்கள். புதுப் பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆனது. அதுவரை பெஹாலாவாசிகள் சுற்றிச் சுற்றிப் போனார்கள். பராமரிக்க வேண்டிய பொறுப்பு மாநிலப் பொதுப்பணித் துறைக்கு. இடிந்த அன்று டெல்லிச் சானல்கள் எல்லாம் வந்தன. இடிவதற்கு முந்தைய வருடம் விரிசலைப் பற்றியும் டெண்டர் கோப்பைப் பற்றியும் வாரா வாரம் கேட்டிருக்க வேண்டியது உள்ளூர்ப் பத்திரிகையின் வேலை. அந்த வேலைக்கு எந்த அதிபரோடும் சண்டை போட வேண்டியதில்லை. பொதுப்பணித் துறையின் அடுத்த டெண்டர் விளம்பரம் வராமல் போனாலும் பரவாயில்லை என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலையில் இருக்கும் பத்திரிகைகள் நாட்டில் எத்தனை?

அரசு விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெண்டரும் ஏல அறிவிப்பும் மக்களுக்குத் தெரிய வேண்டியவை. எந்தப் பத்திரிகைக்கு எந்தக் கணக்கில் எவ்வளவு போகிறது என்பதை விற்பனை எண்ணிக்கையோடு சேர்த்து மாதாமாதம் வெளியிடச் சட்டம் வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி, உங்கள் மாநிலத்தின் செய்தித் துறையைக் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில், நீங்கள் காலையில் படிக்கும் அந்தப் பத்திரிகைக்கு அரசு கொடுத்த விளம்பரத் தொகை எவ்வளவு? பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டிரம்ப்பைப் பற்றிப் பேசலாம்.